தலைமைப் பொறுப்புக்குத் தொழில் தெரிந்தவரா, ஆட்களை நடத்தத் தெரிந்தவரா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலும், பிறகு சில மென்பொருள் நிறுவனங்களிலும் பணியாளர் துறையில் இருந்த காலத்தில், பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் ஒவ்வொரு மார்ச் மாதமும் உரிமையாளர்களும் துறைத் தலைவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். நடுத்தர அளவிலான நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. பெரிய நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் எங்கே மாறுபடுமோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

தொழில் அறிவு, ஆட்களை நடத்தும் திறன் ஆகிய இரண்டில் எதற்கு அதிக மதிப்பெண் கொடுக்க வேண்டும்?

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள். அந்தப் பதவியில் இருந்தவர் கடந்த ஓராண்டில் எடுத்த முடிவுகளில் பத்துப் பன்னிரண்டை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். வார்ப்பாலையின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர், ப்ளோ ஹோல் (வார்ப்புக்குள் காற்று சிக்கி உண்டாகும் ஓட்டை) விழுந்த ஒரு லாட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பலாமா, உருக்கி மீண்டும் ஊற்ற வேண்டுமா என்று மாதத்தில் நான்கு முறை முடிவு செய்கிறார் என்றால், உலோகம் தெரியாதவர் அங்கே உட்கார முடியாது. அதே ஆலையின் அனுப்புகைப் பிரிவுத் தலைவரின் நாள் முழுவதும் லாரிக்காரர்களோடும் சுமைப்பணியாளர்களோடும் கணக்குப் பிரிவோடும் பேசுவதிலேயே போகிறது. அவரிடம் உலோகவியல் பட்டத்தை எதிர்பார்ப்பது வீண்.

இரண்டு திறன்களையும் தராசின் இரு தட்டுகளாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு நாளாக நாளாக விட்டுப்போயிற்று. ஒரு தலைவரிடம் நான் இப்போது தேடுவது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி அவரிடம் நேரத்தோடு வந்து சேருமா, வந்து சேர்ந்தால் அது எவ்வளவு கெட்டது என்று அவருக்குப் புரியுமா? முதல் பாதிக்கு ஆட்களை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டாம் பாதிக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றது பயன்படாது.

எங்கள் நிறுவனத்தின் மிகச் சிறந்த தொழிலாளரை மேற்பார்வையாளர் ஆக்குவதில் என்ன தவறு?

தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவரை ஏன் ஆக்குகிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பாராட்டாக, சம்பளத்தை உயர்த்துவதற்கான ஒரே வழியாகத்தான் நடக்கிறது.

பம்ப் தயாரிக்கும் ஓர் ஆலையில் நான் பார்த்தது இது. பெயர் வேண்டாம். அங்கே லேத்தில் முப்பது ஆண்டு பழகிய ஒரு டர்னர் இருந்தார். ஷாப்ட்டில் விரல் நுனியை ஓட்டிப் பார்த்தே எத்தனை மைக்ரான் கூடியிருக்கிறது என்று சொல்லுவார். பிறகு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்காது. அவரை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கும்படி எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டே மாதத்தில் அந்த ஷிப்ட்டில் தேறாமல் கழிக்கப்படும் துண்டுகள், அதாவது ரிஜெக்‌ஷன் உயர்ந்தது. போய்ப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் டூலைத் தவறான கோணத்தில் வைத்தால், இவர் வாயைத் திறக்காமல் அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் தானே வைத்து ஓட்டினார். பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் மற்ற ஆறு இயந்திரங்களைப் பார்க்க ஆள் இல்லை. பையன்களும் தவறு நேர்ந்தால் அவரிடம் சொல்லாமல் துண்டை ஸ்கிராப் தொட்டியின் அடியில் போட்டு மூடப் பழகியிருந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டுமான கதையில்லை. இருக்கும் வேலையில் காட்டும் திறமைக்காகவே ஒருவரை உயர்த்திக்கொண்டு போனால், அவர் திறமை செல்லாத ஓர் இடத்தில் போய் நின்றுவிடுவார் என்று லாரன்ஸ் பீட்டர் 1969-இல் பாதி நகைச்சுவையாக எழுதினார். அவர் பெயராலேயே அது பீட்டர் விதி என்று வழங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் 214 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி கிடைத்தது, ஆனால் அப்படி மேலாளர் ஆனவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது என்று கண்டார்கள். விற்பனையில் குறைவாக, ஆனால் பிறரோடு சேர்ந்து அதிகம் உழைத்தவர்கள் மேலாளராக நன்றாகவே செய்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

அப்படியானால் தொழில் தெரியாத, ஆனால் நல்ல நிர்வாகியாக இருப்பவரை வெளியிலிருந்து கொண்டுவரலாமே?

அவசரப்படாதீர்கள். லண்டனில் பணியாற்றும் ஆய்வாளர் அமண்டா குட்ஆல் 2011-இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளைப் புற்றுநோய், செரிமானம், இதயம் ஆகிய மூன்று துறைகளில் ஒப்பிட்டபோது, மருத்துவரே தலைவராக இருந்த மருத்துவமனைகளின் தர மதிப்பெண் சராசரியைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மருத்துவர் தலைவரானதால் தரம் உயர்ந்ததா, தரமான மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தேடிக்கொண்டனவா என்பதை அந்த ஒப்பீடு மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. பின்னர் அவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாக ஏறத்தாழ 35,000 ஊழியர்களின் விடைகளைப் பார்த்தபோது, ஊழியரின் மனநிறைவோடு மிக வலுவாகப் பொருந்தியவற்றில் ஒன்று, தேவைப்பட்டால் என் வேலையை என் மேலதிகாரியால் செய்ய முடியும் என்ற எண்ணமாக இருந்தது.

இது எந்தப் பணிமனையிலும் தெரிவதுதான். வேலை தெரியாதவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், ‘இவருக்கு எங்கள் கஷ்டம் புரியாது’ என்ற பேச்சு ஒரு மாதத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். முடியாத கெடுவை ஒப்புக்கொண்டு வந்து நிற்பவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். பாராட்டினாலும் அவர் பாராட்டுக்கு மதிப்பு இருக்காது, ஏனென்றால் கடினமான வேலை எது, எளிதான வேலை எது என்று பிரித்துப் பார்க்கவே அவருக்குத் தெரிவதில்லை.

சரி, தலைவருக்குத் தொழில் எவ்வளவு தெரிந்தால் போதும்?

குழுவிலேயே அவர்தான் சிறந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும் என்பது என் அளவுகோல். ‘சோதனையெல்லாம் முடிந்துவிட்டது’ என்று குழு சொல்லும்போது ‘நல்லது’ என்று எழுந்து போகிறவருக்கு முதல் கேள்வி மட்டுமே தெரியும். ‘எந்தத் தரவை வைத்துச் சோதித்தீர்கள், பழைய வாடிக்கையாளரின் தரவை வைத்துப் பார்த்தீர்களா’ என்று கேட்பவரிடம் மழுப்ப முடியாது.

ராபர்ட் கட்ஸ் என்பவர் 1955-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் நிர்வாகிக்கு வேண்டிய திறன்களைத் தொழில் திறன், மனிதர்களோடு பழகும் திறன், முழுமையாகப் பார்க்கும் திறன் என்று மூன்றாகப் பிரித்தார். பதவி உயர உயரத் தொழில் திறனின் தேவை குறையும் என்றும் சொன்னார். நிர்வாகப் பாடநூல்கள் எல்லாம் இதைத் திருப்பிச் சொல்கின்றன. அவரே சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அக்கட்டுரைக்கு ஒரு பின்குறிப்பு எழுதி, உச்சியில் தொழில் திறன் தேவையில்லை என்பது நிபுணர்கள் சூழ இருக்கும் மிகப் பெரிய நிறுவனங்களுக்கே பொருந்தும் என்று திருத்திக்கொண்டதைப் பலரும் சொல்வதில்லை. நூற்றைம்பது பேர் வேலை செய்யும் உங்கள் ஆலைக்கு அந்தத் திருத்தம்தான் முக்கியம்.

ஆட்களை நடத்தத் தெரிவது என்றால் இனிமையாகப் பழகுவதுதானே?

இந்தக் குழப்பத்தால் நடக்கும் தவறான தேர்வுகள் ஏராளம். எல்லோருக்கும் நல்லவராக இருக்க நினைப்பவர், ஒருவருடைய குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் ஆண்டு மதிப்பீட்டில் எல்லோருக்கும் ‘நன்று’ போட்டுவிட்டுப் போய்விடுவார். சிரித்துப் பேசுவது நல்ல குணம், ஆனால் தேர்வுக்கு அது அளவுகோலாகாது.

ஃபோர்டு நிறுவனத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். 2006-இல் ஆலன் முலாலி அதற்குத் தலைவராக வந்தார். போயிங்கில் 777 விமானத் திட்டத்தை நடத்திய பொறியாளர் அவர், கார்த் தொழிலுக்குப் புதியவர். வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் பணிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் காட்ட வேண்டும் என்றார். எல்லா அட்டைகளும் பச்சையாகவே வந்தன. அந்த ஆண்டு நிறுவனம் இழந்த தொகையோ 1,270 கோடி டாலர். இத்தனை நட்டத்தில் இருக்கிறோம், சரியாகப் போகாதது ஒன்றுகூட இல்லையா என்று அவர் கேட்டார். பிறகு ஒரு கூட்டத்தில் மார்க் ஃபீல்ட்ஸ் என்பவர், புதிய எட்ஜ் வண்டியின் பின்கதவுப் பகுதியில் சிக்கல், வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டினார். வேலை போயிற்று என்று அறையில் இருந்தவர்கள் நினைத்தபோது முலாலி கைதட்டினார், யாரால் உதவ முடியும் என்று கேட்டார். சில வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் சிவப்பு தென்படத் தொடங்கியது. அந்த ஃபீல்ட்ஸ்தான் 2014-இல் முலாலிக்குப் பின் தலைவரானார். ஆட்களை நடத்தத் தெரிவது என்று நான் சொல்வது அந்தக் கைதட்டலை.

கூகுள் ஆய்வில் தொழில்நுட்பத் திறன் கடைசி இடத்தில் வந்ததாகச் சொல்கிறார்களே?

பயிற்சி வகுப்புகளில் இதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. புராஜெக்ட் ஆக்சிஜன் என்ற பெயரில் கூகுள் தன் மேலாளர்களை ஆராய்ந்து, நல்ல மேலாளரின் எட்டு இயல்புகளைப் பட்டியலிட்டது. அதில் பயிற்றுவிப்பது முதலிடத்தில் இருந்தது, தொழில்நுட்பத் திறன் எட்டாவதாக இருந்தது. ஆனால் அது பட்டியலுக்குள்தான் இருந்தது. ஆராயப்பட்ட மேலாளர்களோ கூகுளின் கடுமையான தேர்வைத் தாண்டி உள்ளே வந்தவர்கள். எல்லோருமே ஆறடி உயரமுள்ள ஒரு கூடைப்பந்துக் குழுவில் உயரம் வெற்றியைத் தீர்மானிக்கவில்லை என்று கண்டுபிடிப்பது போன்றது அது. அதைக் காட்டிக் குள்ளமானவர்களை வைத்து ஒரு குழு அமைத்துவிட முடியாது.

தலைவர் தொழில் தெரிந்தவராகவே இருந்தும் பெரிய தவறுகள் நேர்வது ஏன்?

நாற்காலியில் உட்கார்ந்ததும் தொழிலைக் கழற்றி வைத்துவிடும்படி அவரிடம் சொல்லப்படுவதால். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில், குளிரில் ராக்கெட் மூட்டுகளின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக்கூடாது என்றார்கள். நாசா அதிகாரிகள் அதை ஏற்கத் தயங்கினார்கள். தயோகால் ஆட்கள் தனியே பேச அவகாசம் கேட்டபோது, மூத்த நிர்வாகி ஜெரால்ட் மேசன் பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் ராபர்ட் லண்டைப் பார்த்து, உங்கள் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். லண்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மறுநாள் காலை சுமார் 2 டிகிரிக் குளிரில் புறப்பட்ட விண்கலம் 73-ஆவது நொடியில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணை ஆணையத்தின் முன் இந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது.

அந்த மேசையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. பொறியாளர்கள் பேசவும் செய்தார்கள். அவர்களுடைய பேச்சைத் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுபோக வேண்டியவர் இரண்டு தொப்பிகளும் ஒரே தலைக்குரியவை என்று சொல்லவில்லை. ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, வாடிக்கையாளரோ முதலாளியோ நெருக்கிய நேரத்தில் ‘முடியாது’ என்று சொல்லி அதில் நின்றிருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது அரிதல்லவா?

அரிதுதான், ஆனால் நாம் தேடும் இடமும் குறுகலாக இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே கணக்கிட்டது, அது பிறகு மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பை ஏற்ற ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. புதிய கர்டர்கள் செய்து வரவழைக்க நேரமில்லாத நிலையில், கடலடியில் கிடந்த பழையவற்றையே மீனவர்களின் உதவியோடு கண்டுபிடித்துத் தூக்கிப் பொருத்தினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. தூக்கிய கர்டர் மீண்டும் ரயிலைத் தாங்குமா என்று பார்க்கப் பொறியியல் வேண்டும். கர்டர் எங்கே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாது, இந்தக் கடற்கரைக்காரருக்குத் தெரியும் என்று நினைக்க இன்னொன்று வேண்டும். பின்னாளில் கொங்கண் ரயில்பாதையும் டில்லி மெட்ரோவும் அவர் கைக்கு வந்தன.

நேர்காணலில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர்காணலில் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அதைவிடக் கவலைக்குரியது, நம் ஊர் நேர்காணல்களில் தலைமைப் பண்பு என்று மதிப்பெண் பெறுவது பெரும்பாலும் தடையில்லாத ஆங்கிலம்தான் என்பது. தமிழ்வழியில் படித்து, பணிமனையில் அறுபது பேரைச் சண்டையில்லாமல் நடத்தும் ஒருவர், கண்ணாடி அறைக்குள் நான்கு பேர் முன்னால் ஆங்கிலத்தில் தடுமாறியதும் ‘தகவல்தொடர்புத் திறன் போதாது’ என்ற ஒரு வரியில் கழிக்கப்படுவதை நான் எண்ணமுடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தப் பதவியில் அவர் யாரோடு எந்த மொழியில் பேசப்போகிறாரோ அந்த மொழியில் நேர்காணலை நடத்துங்கள்.

அடுத்து, அவருக்கு மேலே இருந்தவர்களைக் கேட்பதைவிடக் கீழே இருந்தவர்களைக் கேளுங்கள். ‘அவர் எப்படி’ என்று கேட்டால் ‘நல்ல மனுஷன் சார்’ என்ற விடைதான் வரும். ‘நீங்கள் செய்த தவறு ஒன்றை அவரிடம் சொன்ன நாளை நினைவிருக்கிறதா, அவர் முதலில் என்ன கேட்டார்’ என்று கேளுங்கள். ‘யார் செய்தது’ என்று கேட்பவரும் ‘இப்போது எந்த நிலையில் இருக்கிறது’ என்று கேட்பவரும் வேறு வேறு ஆட்கள். அவரிடம் பழகியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் அவருக்குக் கீழே ஒருவர்கூட வளரவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

தொழில் அறிவைச் சோதிக்க, உங்கள் நிறுவனத்தில் உண்மையில் நடந்த ஒரு கோளாற்றின் காகிதங்களை எடுத்துக் கொடுத்து, அரைமணி நேரம் படிக்கவிட்டு, இந்தக் குழுவிடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். விடைகளைவிட அவர் எழுப்பும் கேள்விகள் அதிகம் சொல்லும்.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை நம் அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஆறு மாதம் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் மானம் போகாமல் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பணிமூப்பைப் புறக்கணிக்க முடியுமா?

முடியாது, புறக்கணிக்கவும் வேண்டாம். தகுதியில் இருவரும் சமம் என்றால் மூத்தவருக்கே கொடுங்கள். இளையவருக்குக் கொடுப்பதானால், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முந்தைய நாள் மூத்தவரை அழைத்து உட்காரவைத்து நீங்களே காரணத்தைச் சொல்லுங்கள்.

அரசுத் துறைகளில் பொது நிர்வாகிகள்தானே தலைமை வகிக்கிறார்கள், அங்கே இது செல்லாதா?

அங்கே இது மிகப் பழைய வழக்கு. ஆட்சிப் பணி அதிகாரி இன்று வேளாண்மை, நாளை போக்குவரத்து என்று மாறுகிறார். 1966-இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமே துறை வல்லுநர்களுக்கு உயர்பதவிகளைத் திறக்க வேண்டும் என்றது. 2018-இல் ஒன்றிய அரசு பத்து இணைச் செயலாளர் இடங்களுக்கு வெளியிலிருந்து வல்லுநர்களை அழைத்தது. 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த அதேபோன்ற அறிவிப்பு, இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. விண்வெளித் துறை இதற்கு விலக்கு. அங்கே இஸ்ரோவின் தலைவரான விஞ்ஞானியே துறையின் செயலாளராகவும் இருக்கிறார். கோப்பும் ராக்கெட்டும் ஒரே மேசைக்கு வருவதால், தொழில் தெரிந்தவர் ஒருவர் முடிவெடுத்து, தெரியாத இன்னொருவரிடம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலை அங்கே குறைவு. எல்லாத் துறைக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். பல துறைகளை இழுத்துக் கட்ட வேண்டிய மாவட்ட நிர்வாகத்துக்குப் பொது நிர்வாகியே பொருத்தம்.

தொழிலுக்கு ஒருவரை, ஆட்களுக்கு ஒருவரை என்று இருவரை நியமிக்கலாமா?

மென்பொருள் நிறுவனங்களில் இது வழக்கம்தான். இருவரும் முரண்பட்டால் யார் சொல் நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஊழியர்கள் தங்களுக்குச் சாதகமானவரிடம் போய் அனுமதி வாங்கிக்கொள்வார்கள்.

உரிமையாளரின் மகனோ மகளோ வரும்போது?

வரட்டும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் பதவிப் பெயர் இல்லாமல், தவறு செய்தால் திட்டக்கூடிய ஒருவருக்குக் கீழே இருக்கட்டும். இதைச் சொன்னதற்காக ஒரு வாடிக்கையாளரை நான் இழந்திருக்கிறேன்.

ஆட்களை நடத்த விரும்பாத நிபுணரை எப்படித் தக்கவைப்பது? தவறாக உயர்த்திவிட்டால் என்ன செய்வது?

இரண்டுக்கும் ஒரே ஏற்பாடுதான். மேலாளர் ஆகாமலேயே சம்பளமும் மதிப்பும் உயரும் இன்னோர் ஏணி வேண்டும். ஐபிஎம் 1960-களிலேயே ஃபெல்லோ என்ற உயர்நிலையைத் தன் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கென உருவாக்கியது. சின்ன நிறுவனத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை, ஒரு பதவிப் பெயரும், மேற்பார்வையாளருக்குச் சமமான சம்பளமும், கேன்டீனில் அதே மேசையும் போதும். கடைசியாகச் சொன்னதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம்.

முன்னே சொன்ன டர்னரை அப்படித்தான் திரும்ப அழைத்தோம். முதலில் அவர் இறக்கப்பட்டதாகவே எடுத்துக்கொண்டு நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினேன். சம்பளம் குறையாது, ஷிப்ட் கணக்கு எழுத வேண்டாம், புதிய வேலை வரும்போது முதல் துண்டை நீங்கள்தான் ஓட்டித் தேற வைக்க வேண்டும், உங்கள் கையெழுத்து இல்லாமல் அடுத்த துண்டு ஓடாது என்றேன். அந்தக் கையெழுத்து அதிகாரத்தைப் பற்றி இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சூப்பர்வைசர் இடத்துக்கு, லேத்தில் சுமாரான, ஆனால் பையன்கள் மதிய உணவைச் சேர்ந்து சாப்பிடத் தேடிப் போகும் ஒருவரைப் போட்டோம். ஸ்கிராப் தொட்டியின் அடியில் கிடந்த துண்டுகள் சில வாரங்களில் மேலே வரத் தொடங்கின. முதல் மாதக் கணக்கில் ரிஜெக்‌ஷன் இன்னும் கூடியதாகத் தெரிந்து முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். இதுவரை மறைத்தது இப்போதுதான் கணக்கில் வருகிறது என்று அவருக்குப் புரியவைக்க அரைநாள் ஆயிற்று.